டோல்கேட் போட முடியாத ரோடு

ஹைதராபாத்தில் கார் வைத்திருக்கும் தமிழர் யாரிடமும் பெட்ரோல் விலை பற்றிப் பேச்சுக் கொடுக்காதீர்கள். அரை மணி நேரம் காலி. நானும் அந்தக் கோஷ்டிதான். 2015-ல் தெலங்கானா அரசு பெட்ரோல் மேல் போட்ட வாட் 35.20 சதவீதம். 2024-லும் 2025-லும் இங்கே லிட்டர் 107 ரூபாய்க்கு மேல் விற்றது, அதே நாட்களில் சென்னையில் 101-ஐ ஒட்டி. தீபாவளிக்கோ பொங்கலுக்கோ ஊருக்குக் காரில் கிளம்பும்போது இங்கே அளவாகப் போட்டுக்கொண்டு, ஆந்திரா முழுக்க முள்ளையே பார்த்தபடி ஓட்டி (அங்கே விலை இன்னும் ஜாஸ்தி), கர்நாடக எல்லை தாண்டியதும் டேங்க்கை ரொப்புகிற ஜாதி நாம். அதனால் "பெட்ரோல் வரியைக் குறைக்கணும்" என்று யாராவது சொன்னால் முதலில் கைதட்டுகிற ஆளும் நான்தான்.

ஆனால் எந்த வரியை?

போன ஞாயிற்றுக்கிழமை இங்கே இருக்கிற தமிழ்க் குடும்பங்கள் ஏழெட்டு சேர்ந்து சாப்பிட்டோம். வழக்கம்போல வத்தக்குழம்பு முடிவதற்குள் பெட்ரோல் வந்துவிட்டது. ஒரு நண்பர் சொன்னார்: "பெட்ரோல்ல ரோடு செஸ்னு தனியா ஒண்ணு வாங்கறான் சார். மொதல்ல அதைத் தூக்கணும். நாம என்ன ரோட்டைக் கண்டோம்? மியாப்பூர்லேர்ந்து கச்சிபௌலி போக ஒரு மணி நேரம். நம்ம காசை எடுத்துட்டுப் போய் எங்கேயோ பட்டிக்காட்டுல நாலு பேர் போற ரோட்டுல கொட்டறான்." எல்லோரும் தலையாட்டினார்கள். அவர் நல்ல மனிதர், கணக்கு தெரிந்தவர், வருமான வரி சரியாகக் கட்டுகிறவர். அவருடைய சொந்த ஊரும் அந்த "எங்கேயோ பட்டிக்காடு" தான் என்பதுதான் வேடிக்கை. அங்கேயே நான் கொஞ்சம் கத்தினேன். வீட்டுக்கு வந்தும் அடங்கவில்லை. அதனால் இந்தப் பதிவு.

இந்த ரோடு வரி புதுசு இல்லை. 1927-ல் வெள்ளைக்காரன் காலத்தில் எம்.ஆர். ஜெயகர் தலைமையில் ஒரு கமிட்டி போட்டார்கள். மோட்டார் வண்டி பெருகுகிறது, ரோடு போடப் பணம் எங்கே என்பது கேள்வி. வண்டி ஓட்டுகிறவன் பெட்ரோலுக்குக் கூடுதலாக வரி கட்டட்டும், அந்தப் பணம் ரோட்டுக்கென்று தனியாக நிற்கட்டும் என்றார்கள். 1929-ல் ஒரு காலன் பெட்ரோலுக்கு இரண்டணா அதிகமாகப் போட்டு மத்திய சாலை நிதி ஆரம்பமானது. கட்டுகிறவனுக்கும் அரசாங்கத்துக்கும் நடுவில் இதை ஒரு ஒப்பந்தம் என்றே சொல்லலாம். நீ இதுக்காகக் கொடு, நான் இதுக்கே செலவழிக்கிறேன். (தனியாக ஒதுக்கிய பணத்தைப் பார்த்தால் நிதி அமைச்சர்களுக்குக் கை அரிப்பதும் பழைய வியாதிதான். இங்கிலாந்தில் இதே மாதிரி இருந்த ரோடு நிதியில் 1926-ல் கை வைத்தவர் சாட்சாத் வின்ஸ்டன் சர்ச்சில்.)

இந்த ஒப்பந்தம் நம் காலத்தில் சட்டமானது 2000 டிசம்பரில், வாஜ்பாய் ஆட்சியில். மத்திய சாலை நிதிச் சட்டம். அதில் ஒரு வரிதான் எனக்கு முக்கியம்: டீசல் மேல் வசூலிக்கும் செஸ்ஸில் சரிபாதி கிராமச் சாலைகளுக்கு. அதே மாதம் 25-ஆம் தேதி பிரதமரின் கிராமச் சாலைத் திட்டம் ஆரம்பமானது. சமவெளியில் 500 பேருக்கு மேல், மலைப் பகுதியிலும் பழங்குடிப் பகுதியிலும் 250 பேருக்கு மேல் வசிக்கிற, ரோடே இல்லாத குடியிருப்புகளுக்கு எல்லா பருவத்துக்கும் தாங்குகிற ஒரு ரோடு. அவ்வளவுதான் திட்டம். ஊர் முகப்பில் போர்டு பார்த்திருப்பீர்கள், ரோட்டின் பெயர், நீளம், செலவு எல்லாம் எழுதி. இதுவரை ஏழரை லட்சம் கிலோமீட்டருக்கு மேல் போட்டிருக்கிறார்கள். எந்தக் கட்சி போட்டது என்ற சண்டைக்கு நான் வரவில்லை. ஆரம்பித்தது ஒருத்தர், தொடர்ந்தது இன்னொருத்தர், மறுபடி இவர். அரசியலில் அபூர்வமாக யாரும் குலைக்காமல் விட்ட திட்டங்களில் ஒன்று.

குலைத்தது வேறு வழியில்.

முதலில் 2015-16. அதுவரை கிராமச் சாலைத் திட்டத்துக்கு முழுப் பணமும் மத்திய அரசு. அந்த வருடத்திலிருந்து 60-க்கு 40, அதாவது நூறு ரூபாயில் நாற்பதை மாநிலம் போடவேண்டும். பெட்ரோல், டீசலில் ரோட்டுக்கென்று வாங்கும் செஸ் முழுவதும் டெல்லிக்கு. செஸ் என்று பெயர் வைத்துவிட்டால் மாநிலங்களுக்குப் பங்கு தரவேண்டியதில்லை என்பது அரசியல் சாசன விதி. வசூல் அவர்களுக்கு, நாற்பது சதவீத பில் நமக்கு.

அடுத்து 2018 பட்ஜெட். சட்டத்தின் பெயரிலேயே ஒரு வார்த்தை சேர்ந்தது: மத்திய சாலை "மற்றும் உள்கட்டமைப்பு" நிதி. கேட்க எவ்வளவு நன்றாக இருக்கிறது! உள்கட்டமைப்பு என்ற பைக்குள் மின்சாரம், தொலைத்தொடர்பு, தண்ணீர், துறைமுகம் எல்லாம் அடங்கும். யாருக்கு எவ்வளவு என்பதை நிதி அமைச்சர் தலைமையிலான ஒரு குழு முடிவு செய்யும் என்று ஆனது. நிதியின் கட்டுப்பாடும் சாலைத் துறையிடமிருந்து நிதித் துறைக்குப் போனது. டீசலில் பாதி கிராமத்துக்கு என்று 2000-ல் சட்டத்தில் எழுதிக் கொடுத்த வாக்கு, "பார்த்துச் செய்றோம்" ஆகிவிட்டது. நம் ஊரில் சொத்துப் பிரிக்கும்போது "தம்பிக்கு நான் பார்த்துக்கிறேன்" என்று அண்ணன் சொல்வதற்கும், பத்திரத்தில் எழுதுவதற்கும் உள்ள வித்தியாசம் உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை.

இப்போது கணக்குக்கு வருகிறேன். நண்பர் "தூக்கணும்" என்று சொன்ன செஸ் ஏற்கனவே கிட்டத்தட்ட முக்கால்வாசி தூக்கப்பட்டாகிவிட்டது. அது அவருக்குத் தெரியவில்லை, அநேகமாக உங்களுக்கும் தெரியாது, ஏனென்றால் பங்க்கில் தரும் பில்லில் இதெல்லாம் வராது.

2020 மே மாதம் கொரோனா நேரத்தில் கச்சா எண்ணெய் விலை பாதாளத்துக்குப் போனபோது, மத்திய அரசு வரியை ஏற்றியது. சாலை மற்றும் உள்கட்டமைப்பு செஸ் மட்டும் லிட்டருக்கு 18 ரூபாய், பெட்ரோலுக்கும் டீசலுக்கும். 2021 நவம்பரில் தீபாவளிப் பரிசாகப் பெட்ரோலுக்கு 5, டீசலுக்கு 10 குறைத்தார்கள். 2022 மே மாதம் இன்னும் 8-ம் 6-ம். எல்லாப் பத்திரிகையும் "கலால் வரி குறைப்பு" என்று தலைப்புப் போட்டது. நிதி அமைச்சர் நிர்மலா சீதாராமன் அப்போதே விளக்கம் கொடுத்தார்: இரண்டு முறை குறைத்ததும் முழுக்க முழுக்க சாலை செஸ்ஸில்தான், மாநிலங்களுக்குப் பங்கு போகும் அடிப்படை வரியைத் தொடவில்லை என்று. மாநிலங்களுக்குச் சமாதானமாகச் சொன்னார். நான் அதையே வேறு மாதிரிப் படிக்கிறேன். பெட்ரோல் வரியில் நாலு தலைப்பு இருக்கிறது: அடிப்படை வரி, சிறப்புக் கூடுதல் வரி, விவசாய செஸ், சாலை செஸ். கத்தி விழுந்தது கடைசித் தலைப்பின் கழுத்தில் மட்டும்.

2022 மே மாதத்துக்குப் பின் மிஞ்சியது பெட்ரோலுக்கு 5 ரூபாய், டீசலுக்கு 2 ரூபாய். என் காரில் 40 லிட்டர் போட்டால் 2021-ல் 720 ரூபாய் ரோட்டின் பெயரில் போனது, குறைப்புக்குப் பின் 200. ஒரு லாரி 300 லிட்டர் டீசல் போட்டால் 5,400 போன இடத்தில் 600. சரி, 18 என்பதே கொரோனா கால அநியாயம், அதை வைத்து ஒப்பிடாதே என்பீர்கள். ஒத்துக்கொள்கிறேன். 2005-ஐ வைத்துக்கொள்வோம். அந்த வருடம் டீசல் மேல் சாலை செஸ் எவ்வளவு தெரியுமா? அதே 2 ரூபாய். பதினேழு வருடத்தில் தார், ஜல்லி, கூலி எல்லாம் எங்கே போயிருக்கிறது என்று வீடு கட்டிய யாரிடமாவது கேளுங்கள்.

எனக்குச் சுருக்கென்று பட்டது 2025 ஏப்ரலில். கச்சா விலை இறங்கியது, வரியை மறுபடி லிட்டருக்கு 2 ரூபாய் ஏற்றினார்கள். பங்க்கில் விலை மாறவில்லை, அதனால் யாருக்கும் வலிக்கவில்லை. அந்த 2 ரூபாயை எந்தத் தலைப்பில் சேர்த்தார்கள்? சிறப்புக் கூடுதல் வரியில். அதாவது குறைக்கும்போது ரோட்டிலிருந்து, ஏற்றும்போது வேறு உண்டியலில். அந்த உண்டியலுக்கு ரோடு போடவேண்டும் என்ற கட்டாயமும் இல்லை, மாநிலங்களுக்குப் பங்கு தரவேண்டும் என்ற கட்டாயமும் இல்லை.

"அதனால என்ன சார், ரோடு போடாமயா இருக்காங்க? ஹைவேஸ் எல்லாம் எப்படி இருக்கு பாருங்க" என்றார் இன்னொரு நண்பர். உண்மை. பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். 2006-ல் நான் இங்கே வந்த புதிதில் பஸ்ஸிலும் ரயிலிலும் போனவன், பிறகு காரில் வருடத்துக்கு இரண்டு தடவை. ஷம்ஷாபாத், ஜட்சர்லா, கர்னூல், அனந்தபூர், பெங்களூர், ஓசூர், தர்மபுரி, சேலம், நாமக்கல் என்று எண்ணூறு கிலோமீட்டருக்கு மேல். பழைய என்.எச். 7, இன்றைய 44. ரோடு கண்ணாடி. பிள்ளைகள் பின்சீட்டில் வாந்தி எடுக்காமல் தூங்குகிறார்கள். மத்திய அரசு 2023-24 பட்ஜெட்டில் சாலைப் போக்குவரத்து அமைச்சகத்துக்கு ஒதுக்கியது 2.70 லட்சம் கோடி ரூபாய். அதே பட்ஜெட்டில் கிராமச் சாலைத் திட்டத்துக்கு 19,000 கோடி. 2025-26 பட்ஜெட்டிலும் கிராமச் சாலைக்கு அதே 19,000 கோடி.

ஹைவேக்குப் பணம் வர நூறு வழி உண்டு. வரி விழவில்லை என்றால் டோல். டோல் போதாவிட்டால் கடன் பத்திரம். அதுவும் போதாவிட்டால் ரோட்டையே குத்தகைக்கு விடலாம். நம் ஹைதராபாத் அவுட்டர் ரிங் ரோட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். 158 கிலோமீட்டர். ஒரு பகுதிக்கு ஜப்பான் கடன் வந்தது. 2023-ல் முப்பது வருடத்துக்கு 7,380 கோடி ரூபாய்க்குக் குத்தகை விட்டார்கள். அது சரியா தப்பா என்று இங்கே இன்றுவரை சண்டை நடக்கிறது, அது வேறு கதை. சொல்ல வந்தது என்னவென்றால், அந்த ரோட்டுக்குச் சம்பாதிக்கத் தெரியும். துறையூர் பக்கம் எங்கள் ஊருக்குப் போகிற மூணே முக்கால் மீட்டர் அகல ரோட்டில் எந்தக் கம்பெனி வந்து குத்தகை எடுக்கும்? டோல்கேட் போட்டு யாரிடம் வசூலிப்பது? பால் கேன் கட்டிய டிவிஎஸ் ஃபிஃப்டியிடமா? காலேஜ் பஸ்ஸிடமா? நூறு நாள் வேலைக்கு நடந்து போகும் கிழவிகளிடமா?

அந்த ரோட்டுக்கு இருந்த ஒரே பத்திரம் டீசலில் பாதி என்ற அந்த வரிதான்.

நகரத்தில் உட்கார்ந்து "நாலு பேர் போற ரோடு" என்று சொல்லும்போது அந்த நாலு பேர் யார் என்று யோசிக்கவேண்டும். நம் அப்பா, அம்மா, அத்தை, மாமா. நாம் கிளம்பி வந்துவிட்டோம். அவர்கள் அங்கேயே.

எங்கள் ஊர் ரோடு போட்டுப் பல வருடமாகிறது. இந்தத் திட்டத்தில் ரோடு போட்ட காண்ட்ராக்டர் ஐந்து வருடம் பராமரிக்கவேண்டும், அதற்குப் பிறகு மாநிலமும் உள்ளாட்சியும் பார்த்துக்கொள்ளவேண்டும். ஐந்து வருடம் வரை நன்றாகத்தான் இருந்தது. அப்புறம் ஓடைப் பக்கம் ஒரு மழையில் ஓரம் அரித்தது, அடுத்த மழையில் பாதி ரோடு போனது. மூன்று வருடம் முன்பு கார்த்திகை மாதம், ராத்திரி பதினோரு மணிக்கு அத்தைக்கு நெஞ்சு வலி. 108-க்குப் போன் செய்தார்கள். (2005-ல் இதே ஹைதராபாத்தில் ஆரம்பித்த சேவை. தமிழ்நாட்டுக்கு 2008-ல் வந்தது. இங்கே வேலைக்கு வந்த எனக்கு அதில் ஒரு சின்னப் பெருமை உண்டு.) வண்டி சொன்ன நேரத்துக்கு வந்தது. ஓடைக்கு அந்தப் பக்கம் நின்றது. டிரைவர் தம்பி இறங்கி டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "அண்ணே, இதுல எறக்குனா வண்டி ஏறாது, பேஷண்டை இங்க கொண்டாந்துருங்க" என்றிருக்கிறார். அவர் சொன்னது சரி. சித்தப்பாவும் இன்னும் மூன்று பேரும் கயிற்றுக் கட்டிலில் வைத்துத் தூக்கிக்கொண்டு ஒன்றரைக் கிலோமீட்டர் நடந்தார்கள். சேற்றில். நான் இங்கே மியாப்பூரில் ஸ்பீக்கர் போனில் மூச்சு வாங்கும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன். நடுவில் அத்தை குரல்: "தம்பி லைன்ல இருக்கானா? அவனைத் தூங்கச் சொல்லு, காலைல ஆபீஸ் இருக்கும்."

அத்தை பிழைத்துக்கொண்டார். ஒன்றரைக் கிலோமீட்டருக்கு நாற்பது நிமிஷம். டாக்டர் அந்த நாற்பது நிமிஷத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னார், அதை அத்தையிடம் நாங்கள் சொல்லவில்லை.

இப்போது சொல்லுங்கள், கச்சிபௌலி சிக்னலில் நாம் இழக்கிற நாற்பது நிமிஷமும் இதுவும் ஒன்றா? சிக்னலில் நான் பாட்டுக் கேட்கிறேன்.

அமெரிக்காவில் விஸ்கான்சினில் இருக்கும் என் பெரியம்மா பையனிடம் இதைப் பற்றிப் புலம்பினேன். அவன் ஒரு விஷயம் சொன்னான், ஆச்சரியமாக இருந்தது. அங்கே பனிக்காலத்தில் பனி மேல் ஓடும் ஸ்னோமொபைல் என்று ஒரு வண்டி. ஸ்கூட்டருக்கும் டிராக்டருக்கும் பிறந்தது மாதிரி இருக்கும். அது ரோட்டில் ஓடுவதே இல்லை, காட்டுக்குள் பனித் தடத்தில் ஓடுகிறது. ஆனால் பெட்ரோல் போடும்போது ரோடு வரி கட்டியாகிறது. அதனால் அந்த மாநிலச் சட்டம் பதிவான ஸ்னோமொபைல் ஒவ்வொன்றும் வருடத்துக்கு 50 காலன் பெட்ரோல் குடிக்கும் என்று கணக்கு வைத்து, அந்தப் பெட்ரோலின் வரியைப் பனித் தடங்களைப் பராமரிக்கத் திருப்பிக் கொடுக்கிறது. மத்திய அளவிலும் 1991-லிருந்து இப்படி ஒரு திட்டம் இருக்கிறது. பொழுதுபோக்குக்கு ஓட்டுகிறவனிடம் வாங்கிய வரியைக் கூட அவன் ஓட்டும் தடத்துக்கே கொடுக்கவேண்டும் என்று சட்டம் எழுதி வைத்திருக்கிறார்கள்! அதில் கை வைக்கலாமா என்று அங்கேயும் பட்ஜெட் நேரத்தில் பேச்சு வருமாம், உடனே கிளப்புகள் எல்லாம் சட்டசபைக்குக் கிளம்பிவிடுவார்களாம். பனியில் சறுக்கி விளையாடுகிறவர்களுக்கு இருக்கும் ரோஷம் நமக்கு இல்லை :-(

எங்கள் ஊர் டிராக்டர் குடிக்கும் டீசலை யோசித்துப் பாருங்கள். முக்கால்வாசி நேரம் வயலில் உழுகிறது. ரோட்டில் ஓடுவது ஊர் ரோட்டில்தான். என்.எச். 44-ல் என்றைக்காவது போகுமா? ராமேஸ்வரம், நாகப்பட்டினம் பக்கம் விசைப்படகுக்குப் போடும் டீசல் ரோட்டையே பார்க்காது. மாநில அரசு தன் விற்பனை வரியில் ஓர் அளவு வரை மீனவர்களுக்கு விலக்குக் கொடுக்கிறது, சரி. ஆனால் "பட்டிக்காட்டான் நம்ம காசைத் தின்றான்" என்கிற பேச்சு எவ்வளவு தலைகீழ் என்று பாருங்கள். கிராமத்து டீசலில் வாங்கிய வரியில் ஹைவே போட்டு, அதில் நான் 100-ல் போகிறேன்.

எதிர்ப்பக்கம் சொல்வதில் இரண்டு வாதத்துக்கு மரியாதை கொடுக்கவேண்டும்.

ஒன்று, செஸ்ஸே கூடாது என்பது. தெலங்கானாவிலும் தமிழ்நாட்டிலும் ஆட்சியில் இருந்தவர்கள் இதைப் பல தடவை சொல்லியிருக்கிறார்கள். செஸ்ஸை ஒழித்து அடிப்படை வரியில் சேர், அப்போது மாநிலத்துக்குப் பங்கு வரும், ரோட்டை நாங்களே போட்டுக்கொள்கிறோம் என்று. இதில் நியாயம் இருக்கிறது. செஸ் என்று வாங்கியதை அந்தந்த நிதிக்கு அனுப்பினார்களா என்றால், 2018-19-ல் 35 வகை செஸ்ஸில் வசூலான சுமார் 2.75 லட்சம் கோடியில் 1.64 லட்சம் கோடி மட்டும்தான் உரிய கணக்குகளுக்குப் போனது என்று சிஏஜி அறிக்கையே சொன்னது. ஆனால் நடந்தது என்ன? செஸ் குறைந்தது, அடிப்படை வரி ஏறவில்லை. பெட்ரோலில் அடிப்படை வரி 1 ரூபாய் 40 பைசா, டீசலில் 1 ரூபாய் 80 பைசா என்ற இடத்திலேயே நின்றது. மாநிலத்துக்கும் இல்லை, ரோட்டுக்கும் இல்லை. மாநிலத்திடம் கொடுத்தால் ரோட்டுக்குத்தான் போகும் என்பதற்கும் உத்தரவாதம் எழுத்தில் வேண்டும். ஆந்திராவில் 2020-ல் ரோட்டுக்கென்றே லிட்டருக்கு ஒரு ரூபாய் தனி செஸ் போட்டார்கள். 2024 தேர்தலில் அங்கே ரோட்டுக் குழி ஒரு பெரிய பிரச்சாரப் பொருளாக இருந்தது. தமிழ்நாட்டில் 2023 ஜனவரியில் முதல்வரின் கிராமச் சாலைகள் மேம்பாட்டுத் திட்டம் என்று 10,000 கிலோமீட்டருக்கு 4,000 கோடி அறிவித்தார்கள், நல்ல விஷயம். ஆனால் அது ஒரு அறிவிப்பு, அடுத்த வருடம் இருக்கும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை.

இன்னொரு வாதம் படித்தவர்கள் சொல்வது. கிராம ரோடு போட்டு ஒன்றும் பெரிதாக வருமானம் கூடவில்லை, ஆராய்ச்சி இருக்கிறது என்று. இருக்கிறது, நானும் படித்தேன். சாம் ஆஷர், பால் நோவோசாட் என்ற இரண்டு பொருளாதார நிபுணர்கள் 2020-ல் வெளியிட்டது, இந்தியக் கிராமச் சாலைத் திட்டத்தைப் பற்றியே. ரோடு வந்த கிராமங்களில் விவசாய வருமானமோ சொத்தோ பெரிதாக ஏறவில்லை என்றுதான் சொல்கிறார்கள். ஆனால் அதே ஆய்வு, விவசாயத்தை விட்டு வெளிவேலைக்குப் போகிறவர்கள் கூடினார்கள் என்றும் சொல்கிறது. இன்னொருவருடன் சேர்ந்து அவர்கள் எழுதிய வேறொரு ஆய்வில், ரோடு வந்த ஊர்களில் பிள்ளைகள் கூடுதல் வருடம் பள்ளிக்கூடத்தில் தங்கினார்கள், நன்றாகவும் படித்தார்கள் என்று இருக்கிறது. படித்துவிட்டு ஊரை விட்டு வேலைக்குப் போவது. இது யாருடைய கதை? நம் ஒவ்வொருவருடைய கதை. நமக்கு ஏணியாக இருந்ததை, ஏறி முடித்தபின் "இதால் விவசாயம் கூடவில்லையே" என்று விறகுக்குக் கேட்பது நன்றாகவா இருக்கிறது?

இதோடு வேலை முடிந்ததா என்றால் இல்லை. 2024 செப்டம்பரில் கிராமச் சாலைத் திட்டத்தின் நாலாவது கட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்தார்கள். இன்னும் 25,000 குடியிருப்புகள், 62,500 கிலோமீட்டர், 70,125 கோடி ரூபாய், 2028-29 வரை. அதாவது சுதந்திரம் வாங்கி எழுபத்தேழு வருடம் கழித்தும் இருபத்தையாயிரம் குடியிருப்புகளுக்கு ரோடு பாக்கி என்று அரசாங்கமே கையெழுத்துப் போட்டிருக்கிறது. போட்டு முடித்ததன் பராமரிப்பு இந்தக் கணக்கில் இல்லை. எங்கள் ஓடைக்கரை ரோடு இதில் வராது, அதற்கு ஏற்கனவே "ரோடு உள்ள ஊர்" என்று டிக் அடித்தாயிற்று.

போகிற போக்கில் எலெக்ட்ரிக் கார்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. தெலங்கானா 2024 நவம்பரில் மின்சார வண்டிகளுக்கு சாலை வரி, பதிவுக் கட்டணம் இரண்டிலும் விலக்கு அளித்தது. வாங்கியவர்கள் சந்தோஷமாக இருங்கள், காற்றுக்கு நல்லது. ஆனால் நீங்கள் பெட்ரோலும் போடுவதில்லை, ரோடு வரியும் கட்டவில்லை, ரோட்டில் மட்டும் ஓடுகிறீர்கள். பெட்ரோல் விற்பனை குறையக் குறைய இந்தச் சின்ன உண்டியலும் காயும். அதற்கு இப்போதே வழி யோசிக்காமல், இருப்பதையும் வெட்டு என்பது எந்த ஊர் நியாயம்?

கச்சா எண்ணெய் அடுத்த தடவை ஏறும்போது, ஏதாவது ஒரு தேர்தலுக்கு முன்னால், மறுபடி "பெட்ரோல் வரி குறைப்பு" வரும். வரட்டும், எனக்கும் டேங்க் இருக்கிறது. ஆனால் சிறப்புக் கூடுதல் வரியில் குறையுங்கள். 2025 ஏப்ரல் உயர்வுக்குப் பின் அது பெட்ரோலில் 13 ரூபாய், டீசலில் 10 ரூபாய் இருந்தது. அதில் வெட்ட நிறைய சதை இருந்தது. எலும்பு மட்டும் இருக்கும் 2 ரூபாயை விட்டுவிடுங்கள். டீசல் செஸ்ஸில் பாதி கிராமச் சாலைக்கு என்ற 2000-ஆம் வருட வாசகத்தைச் சட்டத்தில் திரும்ப எழுதுங்கள், அதில் ஒரு பங்கு பராமரிப்புக்கு என்று கூடவே சேருங்கள்.

இதைத்தான் ஒரு பக்கத்துக்கு மனுவாக எழுதியிருக்கிறேன். எனக்கு ஓட்டு இப்போது செவெள்ளா தொகுதியில், அதனால் தெலுங்கில் ஒன்று (என் பையன் திருத்திக் கொடுத்தான், என் தெலுங்கைப் பார்த்து ஒரு மணி நேரம் சிரித்தபின்). ஊர் இருப்பது பெரம்பலூர் தொகுதியில், அதனால் தமிழில் ஒன்று. நிதி அமைச்சகத்துக்கு ஆங்கிலத்தில் ஒன்று. உங்கள் ஊர் எம்.பி.க்கு அனுப்ப விருப்பம் இருந்தால் சொல்லுங்கள், தமிழ்ப் பிரதி தருகிறேன். ஊர்ப் பெயரும் ரோட்டு நீளமும் நிரப்ப இடம் விட்டிருக்கிறேன். நீளம் தெரியாவிட்டால் ஊருக்குப் போன் போட்டு அப்பாவிடம் கேளுங்கள், ஓடையிலிருந்து பஸ் ஸ்டாப் வரை எத்தனை மைல் என்று அவருக்குத் தெரியும்.